இனி சாரல் எங்களைத் தேடி வரும்

கிரைண்டர் வாங்கிவிட்டேன்! கோயம்புத்தூர் கிரைண்டர். கல்லை மட்டும் கழற்றித் தூக்கினாலே மூச்சு வாங்கும். "இதவிட லேசா, சின்னதா ஒண்ணு இருக்கு, பாக்கியளா?" என்று தென்காசிக் கடைக்காரர் கேட்டார். "வேண்டாம் அண்ணாச்சி, இருக்கிறதிலேயே கனமானதா கொடுங்க" என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். பார்க்கட்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வருஷக்கணக்கில், எதை வாங்கப் போனாலும் விலைக்கு முன்னால் எடையைக் கேட்டவள் நான். துண்டு சீக்கிரம் காயுமா, புடவை மடித்தால் எவ்வளவு இடம் பிடிக்கும், புத்தகத்தைப் படித்து முடித்ததும் யார் தலையில் கட்டலாம் என்றே யோசித்து வாழ்ந்தாயிற்று. இப்போது ஒற்றை ஆளாக நகர்த்த முடியாத ஒரு பொருள் என் அடுக்களையில் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வருகிறது.

கிளம்பிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் அஞ்சல் துறையில் இருந்தேன். இவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினார். இரண்டு பேருக்கும் ஓய்வூதியம் வரத் தொடங்கியதும் குரோம்பேட்டை வீட்டை வாடகைக்கு விட்டோம். தட்டுமுட்டுச் சாமான்கள் நாத்தனார் வீட்டு மாடிக்குப் போயின. ஆளுக்கு ஒரு பெட்டி. பொதுவில் ஒரு பை, அதற்குள் இண்டக்‌ஷன் அடுப்பு, குட்டிக் குக்கர், ஒரு டப்பா சாம்பார்ப்பொடி. சுற்றுலா என்று அதைச் சொல்ல முடியாது. குடித்தனம்தான், ஊர்தான் மாறிக்கொண்டே இருந்தது. வெயில் காலத்துக்கு மலை, குளிர் காலத்துக்குக் கட்ச், நடுவில் ஆற்றங்கரை ஊர்கள். மாத வாடகைக்குப் பேசினால் நாள் கணக்கைவிட எவ்வளவோ மலிவு என்று சீக்கிரமே தெரிந்துகொண்டோம். பாலம்பூரில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஓர் அறை; ஜன்னலைத் திறந்தால் தௌலாதார் பனி. காசியில் அனுமன் காட் பக்கம் தங்கினோம். அங்கே காய்கறிக்காரர்கூடத் தமிழ் பேசுவார். பிரம்மபுத்திராவுக்கு நடுவில் இருக்கும் மாஜுலித் தீவில் மூங்கில் கால்கள்மேல் நின்ற வீடு ஒன்றில் இருந்தோம். மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள், இன்னும் திருப்பித் தரவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனாலும் கீழ்ப் படுக்கை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. நாங்களும் போய்க்கொண்டே இருந்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமான காலம் எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதற்கு முன்னால் கிடையாது.

அப்புறம் ஏன் நிறுத்தினீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். முட்டி வலியா, பணமா, பிள்ளைகள் திட்டினார்களா? ஒன்றுமில்லை. ஊர்களை ஒரே உடுப்பில் பார்த்துப் பார்த்து எங்களுக்கு ஓர் ஏக்கம் வந்துவிட்டது. கட்சின் வெள்ளை ரண் பாலைவனத்தைக் குளிர்காலத்தில் பார்த்தோம். அந்த உப்புத்தரை முழுக்க மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் என்றார்கள்; அதைப் பார்க்காமல் கிளம்பினோம். மாஜுலியில் கடுகு பூத்து ஊரே மஞ்சளாக இருந்தது. மழைக்காலத்தில் வெள்ளம் வந்து அதே தீவின் கரையை அரித்துக்கொண்டு போகும் நாட்களில் நாங்கள் வேறு எங்கோ மோமோ தின்றுகொண்டிருந்தோம். ஓர் இடத்தை ஆடி, ஐப்பசி, தை, சித்திரை என்று நான்கு முகத்திலும் பார்க்க வேண்டும். பார்த்த மரத்தையே திரும்பப் பார்க்க வேண்டும். உலகத்தைச் சுற்றிய பிறகு இப்படி ஓர் ஆசை வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது பூகோள வாத்தியார். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைக் கேரளத்துப் பக்கமே கொட்ட வைத்துவிட்டு, நம் பக்கத்துக்கு வறண்ட காற்றை அனுப்புகிறது. ஆனால் அந்த நெடுஞ்சுவர் சில இடங்களில் தாழ்கிறது. வடக்கே பாலக்காடு, தெற்கே செங்கோட்டை. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆரியங்காவைத் தாண்டி வருகிற ஈரக்காற்றுதான் குற்றாலத்துச் சாரல். ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெந்துகொண்டிருக்கும்போது இந்த மூலை குளிர்ந்து கிடப்பதற்கு அந்தக் கணவாய்தான் காரணம். வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டி இவர் சொன்னார்: "நாம அலைஞ்சது போதும். இனிமே காத்து அலையட்டும். நாம வாசல்ல உக்காந்து வாங்கிக்கலாம்." இப்படிப் பேசத் தெரிந்த மனுஷரோடு எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கலாம்!

அப்படி வந்து சேர்ந்த இடம் மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. மூன்று வருஷ ஒத்திக்கு ஓர் ஓட்டுவீடு: முன்னால் திண்ணை, பின்னால் கிணறு, தென்னை, மாட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் ஒரு வெற்றுத் தரை. ஒத்தியைப் போல வசதியான ஏற்பாடு எங்களைப் போன்றவர்களுக்கு வேறு இல்லை. பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிடுகிறோம், மாத வாடகை கிடையாது, காலம் முடிந்தால் பணம் திரும்பி வரும். சீசனில் வந்து ஒரு குளியல் போட்டு, ஒரு மாம்பழம் தின்று, மயங்கிப் போய் அன்றைக்கே மனைக்கு முன்பணம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாறை காயும் சித்திரையிலும் துணி காயாத ஐப்பசியிலும் இந்த ஊரைப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டல்லவா பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்?

எனக்குப் பிடித்தது. ஐயோ, எவ்வளவு பிடித்தது!

வைகாசி கடைசியில் ஒரு நாள் எதிர்வீட்டு ஆச்சி வாசலில் நின்று மேற்கே பார்த்துவிட்டு, "காத்து திரும்பிட்டு. இன்னும் ரெண்டு நாள்ல சாரல் எறங்கிரும், வத்தலை அள்ளி உள்ள வையுங்க" என்றார். கைபேசியில் வானிலை அறிக்கை அதைப்பற்றி மூச்சு விடவில்லை. சொன்னபடி இறங்கியது. சாரலை மழை என்று சொல்வது அதற்கு மரியாதை இல்லை. வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், மேலே பொடிப்பொடியாக ஈரம் விழும், தலை நனைந்ததா இல்லையா என்று தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மலை ஒரு நிமிஷம் இருக்கும், மறுநிமிஷம் இருக்காது. கையில் காப்பியோடு திண்ணையில் உட்கார்ந்தால் பகல் போவதே தெரியாது. குற்றாலம் கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்துவிடும். உள்ளூர்க்காரர்கள் பேரருவிக்கு விடியுமுன் போவார்கள். நானும் இப்போது உள்ளூர்க்காரி, நானும் அப்போதுதான் போகிறேன். மேலிருந்து வரும் தண்ணீர் நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து கீழே இறங்குகிறது. அதனால்தான் அவ்வளவு உயரத்திலிருந்து வந்தாலும் நம் முதுகு தாங்குகிறது. அடி விழுகிறது, ஆனால் செல்லமான அடி. அருவியிலிருந்து வந்து நான்கு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் ஒரு தூக்கம் போட்டால்... வேண்டாம், கண் படும்.

ஆடி ஆவணியில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூக்கும். 'ரோஜா' படத்தில் பார்த்த அதே கிராமம். கேரளத்திலிருந்து கார் காராக வந்து பூவுக்குள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் அருவியின் குணமே வேறு. தண்ணீர் செம்மண் நிறத்தில் பாதுகாப்பு வளைவைத் தாண்டிப் பாயும், குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். தள்ளி நின்று அந்த இரைச்சலைக் கேட்பதற்கென்றே போவேன். மார்கழித் திருவாதிரைக்குச் சித்திர சபை. நடராசருக்குரிய ஐந்து சபைகளில் ஓவியத்தாலே ஆனது இது ஒன்றுதான். சுவரெல்லாம் மூலிகை வண்ணம். மாசிக்குள் பிசான அறுவடை முடிந்து வயல்களில் வாத்து மேயும். பிறகு சித்திரையில் அருவியே நின்று, பேரருவிப் பாறை வெறும் பாறையாகக் காயும். சீசன்காரர்கள் யாரும் பார்க்காத முகம் அது. அந்த வெற்றுப் பாறையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே, சொந்தக்காரியின் பெருமை!

இனி முகவரி. அடுத்தவர் முகவரியைச் சரிபார்த்தே சம்பளம் வாங்கியவளுக்கு இத்தனை வருஷமாக ஒரு முகவரி இல்லை. நாத்தனார் வீட்டு விலாசத்தைத்தான் எல்லாப் படிவத்திலும் எழுதிக்கொண்டிருந்தேன். நம் நாட்டில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய வட்டாரம். முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும். கடைசி மூன்றும் அஞ்சலகத்தை. எத்தனை லட்சம் உறைகளில் அந்த ஆறு கட்டங்களைப் பார்த்திருப்பேன்! 627இல் தொடங்கும் எண்ணை முதல்முறை என் பெயருக்குக் கீழே எழுதியபோது பேனா கொஞ்சம் தயங்கியது, பிறகு கொட்டை எழுத்தில் எழுதினேன். உடனே பழைய சிநேகிதிகளுக்கெல்லாம் அஞ்சலட்டை போட்டேன். சந்தா கட்டிப் பத்திரிகை வரவழைத்தேன். ஆதாரில் விலாசம் மாறியது, எரிவாயு இணைப்பு வந்தது, நூலகத்தில் உறுப்பினர் ஆனேன். ஓய்வூதியர்கள் கார்த்திகைக் குளிரில் வரிசையில் நின்று கொடுத்த வாழ்நாள் சான்றிதழை இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம். அதை மாஜுலியிலிருந்தே செய்திருக்கிறேன். உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க முகவரி தேவையில்லை. ஆனால் இரண்டு புத்தகம் இரவல் வாங்க வேண்டுமென்றால் வேண்டும்! அரசாங்கத்தின் இந்த முன்னுரிமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

புத்தகத்தை வைத்துக்கொள்ளலாம் என்பதே ஒரு போதைதான். படித்தவுடன் தள்ளிவிட வேண்டாம், ஓரத்தை மடிக்கலாம், அடுத்த வருஷம் திரும்ப எடுக்கலாம். தச்சரை வைத்துச் சுவர் முழுக்கப் பலகை அடித்திருக்கிறோம்.

குழாய் ஒழுகினால்கூட எனக்குச் சந்தோஷம்தான். பயணத்தில் எதையும் பழுது பார்த்ததில்லை. அறையில் விசிறி கத்தினால் வேறு அறை. குழாய் ஒழுகினால் இன்னும் நான்கு நாள்தானே. இங்கே வாஷர் வாங்கி வந்து நாமே முடுக்க வேண்டும். ஓடு மாற்ற, கிணறு தூர் வார, சுண்ணாம்பு அடிக்க எல்லாவற்றுக்கும் நாமே ஆள் கூப்பிட வேண்டும். தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், 15ஆம் நூற்றாண்டிலேயே, பின்னாளில் இந்தக் கோயிலில் பழுது ஏற்பட்டு அதைச் செப்பனிடப் போகிறவர்களின் காலில் இப்போதே விழுகிறேன் என்று கல்வெட்டில் பாட்டாக எழுதி வைத்துவிட்டுப் போனான். கட்டுகிறவன் தன் பெயரைப் பொறிப்பான். முகம் தெரியாத கொத்தனாரைக் கும்பிட்டவன் இவன் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கோபுரம் உண்மையிலேயே சிதைந்து, வெகுகாலம் மொட்டையாக நின்று, 1990இல் குடமுழுக்கு கண்டது. நூற்றெண்பது அடி. அதன் வாசலில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். வாரத்துக்கு ஒரு தடவையாவது போய்த் தள்ளுப்பட்டு வருகிறேன். குழாய் முடுக்கத் தெரிந்தவள் என்ற முறையில் அந்தக் கும்பிடில் எனக்கும் ஒரு துளி பங்கு உண்டு என்று இவரிடம் சொன்னேன். இவர் பதில் சொல்லவில்லை, ஒட்டடைக் குச்சியை எடுத்துக் கொடுத்தார்.

மனுஷர்கள் விஷயத்துக்கு வருகிறேன். பயணத்தில் எல்லா உறவும் முதல் பக்கத்திலேயே நிற்கும். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், என்ன வேலை பார்த்தீர்கள்? அதற்குள் ரயில் வந்துவிடும். இங்கே அந்தக் கேள்விகள் முதல் வாரத்தோடு தீர்ந்துவிட்டன. இப்போது ஆச்சி கேட்பது, "நேத்து முட்டு வலின்னியளே, எண்ணெய் தேச்சியளா?" என்று. பால்காரருக்கு நாங்கள் சனிக்கிழமை கூடுதலாக வாங்குவோம் என்று தெரியும். மளிகைக் கடையில் சில்லறை இல்லையென்றால் "நாளைக்கித் தாங்கக்கா" என்கிறார்கள். அந்த நாளைக்கு என்பது எவ்வளவு பெரிய சொத்து! தேங்காய்ப்பாலில் சொதி வைக்க ஆச்சிதான் கற்றுக்கொடுத்தார். உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் அடுத்த பாடம். சனிக்கிழமை சோறு பொங்கினால் அவர் வீட்டுக் கிண்ணம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கும். எங்கள் கிண்ணம் அங்கே இருக்கும். காலிக் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால் இந்தப் போக்குவரத்துக்கு முடிவே கிடையாது.

மேலகரம் இன்னொரு வகையிலும் எங்களுக்குப் பொருத்தமான ஊர். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. அந்த நூலில் வரும் குறத்தி சிங்கி ஊர் ஊராகப் போய்க் குறி சொல்கிறவள். நெடுநாள் கழித்துத் தன் சிங்கனைச் சந்திக்கும்போது, காலில் என்ன, கையில் என்ன, கழுத்தில் என்ன என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்க, இது இன்ன நாட்டில் குறி சொல்லிப் பெற்றது, அது இன்ன ஊரில் கிடைத்தது என்று அவள் சொல்லிக்கொண்டே போவாள். காலில் இருக்கும் சிலம்பு சேலத்து நாட்டிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது எனக்கு அலங்காரமாகத்தான் தோன்றியது. இப்போது படித்தால், ஊர் சுற்றிவிட்டு வந்த ஒருத்தி பெட்டியைத் திறந்து கதை சொல்கிற காட்சி! எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சிங்கனாகிவிடுகிறார்கள். வாசலில் தொங்குவது என்ன? கட்சில் நிரோணா கிராமத்துச் செப்புப் பூச்சு மணி. சுவரில் இந்த முகமூடி? மாஜுலியில் சாமகுரி சத்திரத்தில் மூங்கிலும் சாணமும் களிமண்ணும் வைத்துச் செய்தது. அந்தப் படம்? ஒடிசாவில் ரகுராஜ்பூர் பட்டச்சித்திரம். நாத்தனார் வீட்டு மாடியில் இருட்டில் கிடந்த பொருள்கள் இவை. மாட்ட ஓர் ஆணி, ஆணி அடிக்க ஒரு சுவர் கிடைத்த பிறகுதான் அந்தப் பயணங்கள் நடந்ததாகவே எனக்கு உறுதியானது.

குறை இல்லாமல் இல்லை. சீசன் சனி, ஞாயிறுகளில் குற்றாலம் ரோட்டில் வண்டிகள் நகராது. அன்றைக்கு வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. பெரிய மருத்துவம் என்றால் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும், அப்பளம் நமுக்கும். ஒரு நாள் கிணற்றடியில் சாரைப்பாம்பு. "அது பாட்டுக்குப் போகும், எலி புடிக்க வந்திருக்கு" என்று ஆச்சி தேங்காய் துருவிக்கொண்டே சொல்லிவிட்டார். நானும் துருவலைத் தொடர்ந்தேன், கை நடுங்கினாலும்.

பயணம் நின்றுவிட்டதா என்று கேட்காதீர்கள். சாயங்காலம் பொதிகை ரயிலில் ஏறினால் காலையில் சென்னை. மேற்கே போக வேண்டுமானால் செங்கோட்டையிலிருந்து புனலூர் பாதை. 1904இல் போட்டது, மீட்டர் கேஜை அகலப் பாதையாக்க மூடி, 2018இல் திறந்தார்கள். காட்டுக்குள், குகைகளுக்குள் புகுந்து, கழுத்துருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தைக் கடந்து போகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து, புனலூரில் இறங்கிப் பழம்பொரி தின்று, அன்றைக்கே திரும்பிவிடுவோம். பெட்டி கிடையாது! ஒரு குடை, ஒரு தண்ணீர்ப் பாட்டில். வழியில் பார்ப்பதையெல்லாம் மனசில் அடைத்துக்கொள்ளும் பதற்றமும் போய்விட்டது. மூடுபனியில் பாலம் தெரியவில்லையா, அடுத்த வாரம் வந்தால் போயிற்று. திரும்பும் வழியில் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். இவருக்கு மருத்துவர் சொன்ன அளவு ஒன்று உண்டு. அதைப்பற்றிப் பார்டரில் நாங்கள் பேசுவதில்லை.

போன வாரம் மாட்டுக்கொட்டில் இருந்த இடத்தில் என்ன நடுவது என்று எங்களுக்குள் பெரிய சண்டை. எனக்கு நெல்லி. இவருக்குப் பலா. குற்றாலநாதர் கோயிலின் தலமரமே குறும்பலாதான் என்று ஆரம்பித்து, மண், சரிவு, ஈரப்பதம் என்று கரும்பலகை இல்லாத குறையாகப் பாடம் நடத்தி இவரே ஜெயித்தார். கன்று வந்தது, குழி தோண்டியாகிவிட்டது. வீட்டுக்கார அண்ணாச்சி அந்தப் பக்கமாக வந்தவர் வேலியோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார், மூணு வருச ஒத்தியில்லா?"

"ஆமா."

"பலா காய்க்க அதவிடச் சாஸ்தி ஆகுமே."

"தெரியும் அண்ணாச்சி" என்றார் இவர், மண்ணைத் தள்ளிக்கொண்டே.

"ஒத்தி வீட்டுல பலா நடுறவுகள இப்பத்தான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். "தள்ளுங்க, குழி ஆழம் பத்தாது."